பர்மாவுக்கு நிவாரணம் அனுப்புவது எப்படி: செட்டிநாட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பர்மா (இன்றைய மியான்மர்) நேரப்படி பகல் 12.50 மணியளவில் சகாயிங் நிலப்பிளவில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்தச் செய்தி காரைக்குடிக்கு வந்தபோது, மாண்டலேயிலும் யாங்கோனிலும் இன்னும் உறவுள்ள எங்களில் பலர் முதலில் செய்தது கைப்பேசியை எடுத்து அழைத்துப் பார்த்ததுதான். மறுநாள் காலையில், என்ன அனுப்பலாம் என்று கேட்டுக்கொண்டு கோயில் வாசலில் கூடினோம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலின்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டோம். அன்று வீடு வீடாகச் சென்று துணிகளையும் பிஸ்கட் பொட்டலங்களையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தோம். அவற்றைக் கொண்டு சேர்க்கும் வழி எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து எலி கடித்த பிறகு, நல்லதாக எஞ்சியதை உள்ளூரிலேயே கொடுத்தோம். யாரிடம் ஒப்படைப்பது, எந்த வழியாக, யாருடைய அனுமதியுடன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே நான்காவதாக என்ன அனுப்புவது என்று கேட்க வேண்டும் என்பதை அந்த மூட்டைகளிடம்தான் கற்றோம். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். ஊர்ச் சங்கம், கோயில் குழு, கல்லூரி மாணவர் அமைப்பு என எந்தச் சிறு குழுவும் இதைப் பின்பற்றலாம்.

முதற்படி: எந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்பதை அறிதல்

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதை ஏற்க மறுத்த, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அதே ஆண்டு ஏப்ரலில் தேசிய ஒற்றுமை அரசை அறிவித்தனர். அதன் சார்பில் போரிடும் மக்கள் பாதுகாப்புப் படைகள் ஒருபுறமும், பல பத்தாண்டுகளாகப் போரிட்டுவரும் இனக்குழுக்களின் படைகள் இன்னொரு புறமும், ராணுவம் மூன்றாவது புறமும் நாட்டைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. எனவே "பர்மாவுக்கு அனுப்புகிறோம்" என்ற சொற்றொடருக்கு நடைமுறையில் பொருளே கிடையாது. எந்த ஊருக்கு, அந்த ஊரில் யார் ஆள்கிறார்கள் என்பதே பொருள்.

சகாயிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட அந்த நகரம் ராணுவத்தின் பிடியில் இருந்தது. ஆனால் அதே வட்டாரத்தின் கிராமப்புறங்களில் எதிர்ப்புப் படைகள் வலுவாக இருந்தன. மாண்டலேக்கும் சகாயிங்குக்கும் நடுவே ஐராவதி ஓடுகிறது. ஆங்கிலேயர் காலத்து அவா பாலம் இடிந்து ஆற்றில் விழுந்ததால், அருகிலிருந்த புதிய பாலத்தையே எல்லாரும் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே வரைபடத்தில் இரண்டு விரல் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு முற்றிலும் வேறான இரண்டு வழிகளைத் தேட நேரிடலாம். மேற்கே ரக்கைன் மாநிலத்தில் பெரும்பகுதி அரக்கான் படை என்ற இனக்குழுப் படையிடமும், மாநிலத் தலைநகர் சிட்வே ராணுவத்திடமும் இருக்கின்றன. இந்த எல்லைகள் மாதந்தோறும் மாறக்கூடியவை என்பதால், தாளில் வட்டாரம் வட்டாரமாக ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் இன்றைய நிலையைத் தேதியோடு எழுதிவைப்பது நல்லது.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். 1960-கள் முதல் பர்மிய ராணுவம் கிளர்ச்சிப் பகுதிகளில் கையாண்டுவரும் முறைக்கு "நான்கு வெட்டுகள்" என்று பெயர். உணவு, பணம், செய்தி, ஆள்சேர்ப்பு ஆகிய நான்கும் எதிரியை அடையாதபடி வெட்டிவிடுவதே அதன் நோக்கம். அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் சோதனைச் சாவடியில் ஏன் சந்தேகத்தோடு பார்க்கப்படுகின்றன என்பதற்கு இதுவே விடை. நாம் நிவாரணம் என்று எண்ணி அனுப்புவதை, சாவடியில் நிற்பவர் எதிரிக்குப் போகும் தளவாடமாகக் கருதக்கூடும்.

இரண்டாம் படி: பெற்றுக்கொள்பவரைத் தேர்ந்தெடுத்தல்

முழுக் காரியமும் இந்தப் படியில்தான் நிற்கிறது. மற்றவற்றில் பிழை நேர்ந்தால் பணம் வீணாகும். இதில் பிழை நேர்ந்தால் ஒருவர் சிறைக்குப் போவார்.

நர்கிஸ் புயலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000-க்கும் மேற்பட்டோரை ஐராவதி டெல்டா இழந்தது. அப்போதைய ராணுவ அரசு வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களுக்கு விசா கொடுக்காமல் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. அதே மே 10 அன்று அரசியல் சட்டத்துக்கான பொதுவாக்கெடுப்பை நடத்தியது. உதவிப் பொருள்களோடு கடலில் காத்திருந்த வெளிநாட்டுக் கப்பல்கள் இறக்க அனுமதியின்றித் திரும்பின. மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் நேரில் சென்று ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைச் சந்தித்த பிறகும், தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பு, பர்மிய அரசு, ஐ.நா. மூன்றும் சேர்ந்த முத்தரப்புக் குழு அமைந்த பிறகும்தான் கதவு ஓரளவு திறந்தது. அந்த இடைப்பட்ட மூன்று வாரங்களில் டெல்டா மக்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் அவர்களுடைய சொந்த நாட்டவர்களே. பௌத்த மடங்களும், தேவாலயங்களும், லாரியில் அரிசி ஏற்றிக்கொண்டு யாங்கோனிலிருந்து புறப்பட்ட வணிகர்களும் மாணவர்களும் அதைச் செய்தார்கள். அப்படி உதவியவர்களில் சிலர் கைதானார்கள். புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் சர்கனார் அவர்களில் ஒருவர்.

அந்த மக்கள் அமைப்புகளைப் பர்மாவில் "பரஹித" குழுக்கள் என்கிறார்கள். பாலி மொழிச் சொல். பிறர் நலம் என்று பொருள். நமக்குப் "பரகிதம்" என்று பழகிய அதே சொல்தான். இலவச ஈமக்கிரியை, ஆம்புலன்ஸ், ரத்ததானம் என்று ஆண்டு முழுவதும் பணிசெய்யும் இக்குழுக்களுக்கு ஊரும் தெரியும்; சாவடியில் நிற்பவனையும் தெரியும். நாம் தேட வேண்டியது இத்தகையவர்களை. பேரிடர் நடந்த பின் முளைத்த குழுவை விட, அதற்கு முன்பே ஐந்தாறு ஆண்டுகள் வேலை செய்த குழுவே நம்பத்தக்கது.

தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகள் இவை. சென்ற பேரிடரில் எந்த வட்டாரத்தில் வேலை செய்தீர்கள்? உங்கள் கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஒரே ஊரில் பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருந்தால் எந்த வரிசையில் கொடுப்பீர்கள்? பதிவு பெற்ற அமைப்பா, பெறாததா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. 2022 அக்டோபரில் ராணுவ ஆட்சி கொண்டுவந்த அமைப்புகள் பதிவுச் சட்டப்படி, பதிவின்றி இயங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்றவர்களுக்கோ, ராணுவம் தடைசெய்த தரப்புகளோடு தொடர்பு வைக்க இயலாத கட்டு இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி அத்தகைய தொடர்பே குற்றமாகும். ஆகவே பதிவு பெற்ற அமைப்பை எதிர்ப்புப் பகுதிக்குப் போகும்படி வற்புறுத்தவும் கூடாது. பதிவு பெறாத குழுவை நகரத்தின் நடுவே பதாகை கட்டச் சொல்லவும் கூடாது. இரண்டு பகுதிகளுக்கும் இரண்டு தனித்தனிக் கைகள் வேண்டும். அவை ஒன்றையொன்று அறியாமலிருப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு.

தமிழர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இயல்பாக எழும். மாண்டலேத் தமிழ்க் குடும்பங்களையும் யாங்கோன், மோல்மேன் தண்டாயுதபாணி கோயில்களையும் நாம் நினைப்பதில் தவறில்லை. அக்கோயில்கள் நல்ல தொடர்பு முனைகளாகவும் இருக்கக்கூடும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ரமலானின் கடைசி வெள்ளி. தொழுகை வேளையில் மசூதிகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மாண்டலேயில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிக்குகளின் மேல் மடத்துக் கட்டடம் சரிந்தது. தேவையின் அளவே முறை. குலமும் மதமும் முறையல்ல என்று குழுவின் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும்.

இங்கே செட்டிநாட்டாருக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930-இல் கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைகள் பெயரில் இருந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைத் திருப்ப முடியாமல் உழவர்கள் நிலத்தை விட்டதால், 1938-இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலத்தை நம் முன்னோர் விரும்பி எடுக்கவில்லை, பணமாகத் திரும்ப வருவதையே விரும்பினார்கள் என்பது உண்மை. உழவர் வீட்டில் அது எப்படி நினைவில் நிற்கும் என்பதும் உண்மை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த நாம், அந்த மண்ணில் நம் பெயர் எல்லாருக்கும் இனிய பெயராக இல்லை என்பதை அறிந்தே போக வேண்டும். அதனால் என் கருத்தில் இரண்டு விதிகள் மாற்ற முடியாதவை. நிவாரணத்தைக் கடனாக, வட்டியில்லாக் கடனாகக்கூட, கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் பெயரைக் கல்லிலோ பையிலோ பொறிக்கக் கூடாது.

மூன்றாம் படி: பணம் செல்லும் வழி

நம் முன்னோர் கடல்கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) முகல் தெருவுக்கு ஓர் உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, எழுதினால் போதுமானதாக இருந்தது. இன்றும் பர்மாவில் முறைசாராப் பணப்பரிமாற்றத்துக்கு "ஹுண்டி" என்றே பெயர். உள்நாட்டில் பெரும்பணம் அப்படித்தான் நகர்கிறது. ஆனால் இந்தியாவிலிருந்து அந்த வழியில் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்குப் புறம்பானது. எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், எவ்வளவு நம்பிக்கையான ஆள் வந்து நின்றாலும், அதைச் செய்யக் கூடாது.

சட்டப்படி இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணவனுப்புத் திட்டத்தின் கீழ், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள், நன்கொடையாக வங்கி வழியே அனுப்புவது. இரண்டாவது, அங்கே ஏற்கெனவே பணிபுரியும், செஞ்சிலுவை இயக்கம் போன்ற பன்னாட்டு அமைப்புக்குக் கொடுப்பது. ஊர் அறக்கட்டளை தன் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பலாமே என்று தோன்றும். வருமானவரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். அதில்லாமல் செலவிட்டால் அத்தொகைக்கு விலக்குப் போய்விடும். எனவே அன்னதானக் கட்டளைப் பணத்தைத் தொடுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். தனித்தனியாக வசூலித்து, தனித்தனியாக அவரவர் கணக்கிலிருந்து அனுப்புவதே சிறு குழுவுக்கு எளிது.

வங்கியில் கேள்விகள் நிறைய வரும். 2022 அக்டோபரில், கறுப்புப்பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதால், அந்நாட்டுக்குப் போகும் பணத்தை வங்கிகள் கூடுதலாகத் துருவுகின்றன. பெறுபவரின் பதிவுச் சான்று, செலவுத் திட்டம், நோக்கக் கடிதம் மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

செலாவணி விகிதத்தையும் கவனிக்க வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 2,100 கியாத். சந்தை விகிதம் அதைப்போல இரு மடங்கு அளவுக்குப் போயிருக்கிறது. அதிகாரபூர்வ விகிதத்தில் மாற்ற நேர்ந்தால் நூறு ரூபாயில் ஏறக்குறைய ஐம்பது வழியிலேயே போகும் என்று பொருள். 2008-இலும் இத்தகைய இழப்பு நேர்ந்ததை ஐ.நா. அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். பன்னாட்டு அமைப்பிடம் கொடுக்கும்போது, எந்த விகிதத்தில் மாற்றுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நான்காம் படி: எதை வாங்குவது, எங்கே வாங்குவது

அங்கேயே வாங்க வேண்டும். அரிசி விளையும் நாட்டுக்கு அரிசி அனுப்ப வேண்டியதில்லை. அடிபடாத பக்கத்து வட்டாரத்தில் வாங்கினால் அந்த வணிகரும் பிழைப்பார், பொருளும் அன்றே போய்ச் சேரும்.

அளவைக் கணக்கிட, உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் குறைந்தபட்ச அளவுகள் பயன்படும். நூறு குடும்பம், ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் 7,500 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒன்று வீதம் இரண்டு குழாய்கள், 20 பேருக்கு ஒன்று வீதம் 25 கழிப்பிடங்கள், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வீதம் 1,750 சதுர மீட்டர் கூரைப்பரப்பு. ஆளுக்கு 2,100 கலோரி. அரிசி மட்டும் தலைக்கு 400 கிராம் வீதம் நாளொன்றுக்கு 200 கிலோ ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சோறு மட்டும் போதாது, தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் பெருந்தொகை வேண்டும் என்பது விளங்கும். வசூலிக்கும்போது மக்கள் சோற்றுக்குத்தான் மனமுவந்து கொடுப்பார்கள். கழிப்பிடத்துக்கும் கேட்க நாம் கூசக் கூடாது.

குளோரின் இட்ட தண்ணீரில் அரைமணி நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்க வேண்டும்; அதைச் சோதிக்கும் சிறு பெட்டி மலிவானது, கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். நான்குக்கு ஆறு மீட்டர் தார்ப்பாய், கயிறு, கொசுவலை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின், குழந்தைகளுக்கான பாத்திரம் ஆகியவை எப்போதும் தட்டுப்பாடாக இருப்பவை. மருந்தை நாம் வாங்கி அனுப்பவே கூடாது. பெறும் நாட்டில் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மீதமிருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவர் கேட்ட பட்டியலில் இருக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்க வேண்டும் என்பன உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகள். அதோடு, கட்டுத்துணி, சலைன், ஆன்டிபயாட்டிக் போன்றவை காயமடைந்த போராளிகளுக்கானவை என்ற ஐயத்தில் சாவடியில் பறிபோகக்கூடியவை. எவ்வளவு, எப்போது, யார் கையில் என்பதை அங்குள்ள மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பொருளாகவே கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், அரசு வழியே பாதுகாப்பானது. 2025-இல் இந்திய அரசு "ஆபரேஷன் பிரம்மா" என்ற பெயரில் விமானங்களிலும் கப்பல்களிலும் உதவி அனுப்பியது. ராணுவ மருத்துவக் குழு ஒன்று மாண்டலேயில் கள மருத்துவமனை நடத்தியது. மணிப்பூரின் மோரே வழியாகத் தரைமார்க்கம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் குடியேறிய ஊர் அது. அங்காளபரமேஸ்வரி கோயிலும் அங்கே உண்டு. எனினும் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் மோரேயும் எரிந்தது. எல்லைக்கு அப்பால் தமுவைச் சுற்றிப் போர். 1942-இல் போருக்குத் தப்பி நம் ஐயாக்கள் நடந்தே வந்த திசையில் ஆர்வத்தால் வண்டியெடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஐந்தாம் படி: அனுமதியும் சாவடியும்

இது நம் கையில் இல்லாத படி. பெறும் குழு செய்வது. ஆயினும் நாம் புரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் தாமதமாகும்போது அவர்களை நெருக்காமல் இருக்க அது உதவும்.

2023 மே 14 அன்று மோக்கா புயல் சிட்வே அருகே கரையேறியது. அடுத்த மாதமே ரக்கைனில் நிவாரண அமைப்புகளின் பயண அனுமதிகளை ராணுவம் நிறுத்திவைத்தது. பொருள்களைத் தானே விநியோகிப்பதாகச் சொன்னது. 2025-இலோ ராணுவ ஆட்சித் தலைவராக இருந்த மின் ஆங் ஹ்லைங் தானே வெளிநாட்டு உதவியைக் கேட்டார். எதிர்ப்புத் தரப்பு தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்தது, ராணுவமும் ஏப்ரல் 2 அன்று போர்நிறுத்தம் அறிவித்தது, வான்தாக்குதல்களோ தொடர்ந்தன. ஏப்ரல் 1 இரவில், வடக்கு ஷான் மாநிலத்தின் நௌங்சோ அருகே சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டித்தொடர் வந்தபோது ராணுவத்தினர் சுட்டார்கள். வருவதாக முறைப்படி அறிவிக்கவில்லை, நிறுத்தியும் நிற்கவில்லை என்பது ராணுவத்தின் விளக்கம். செஞ்சிலுவைக் கொடிக்கே அந்த நிலை என்றால், சிறு குழுவின் லாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? வழியிலுள்ள ஒவ்வொரு தரப்புக்கும் முன்கூட்டிச் சொல்லி, பகலில் மட்டும் ஓடி, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். போர்நிறுத்த அறிவிப்பை நம்பிப் புறப்படக் கூடாது. முந்தைய நாள் அந்தச் சாலையில் வந்தவர் சொல்வதையே நம்ப வேண்டும். எந்தத் தரப்பின் ஆயுததாரியையும், காவலுக்கென்றாலும், வண்டியில் ஏற்றக் கூடாது.

ராணுவப் பகுதியில் கொடுத்தால் ஆட்சிக்குத் துணைபோவதாகும் என்று நல்லவர்கள் பலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. இடிபாட்டில் கிடப்பவர் அந்த ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஆனால் பொருளை அதிகாரிகளிடம் ஒப்படைத்து அவர்களை விநியோகிக்கச் சொல்வது வேறு. அந்த நிபந்தனை வந்தால் அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கணக்கும் மௌனமும்

சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கில் வளர்ந்த ஊர் நம்முடையது. வணிகர்கள் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் மகமைப் பணத்துக்கு ஒரு காசு குறையாமல் கணக்குக் காட்டுவது நமக்கு அறம். ஆனால் இங்கே முழுக்கணக்கு ஒருவரைக் கொல்லக்கூடும். சாவடியில் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறார்கள். முகநூல் 2021 முதலே முடக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப்பட்டியலும் புகைப்படமும் அங்கே சாட்சியங்களாக மாறும்.

எனவே இரண்டு ஏடுகள் வையுங்கள். கொடுத்தவர்களுக்கான ஏட்டில் வரவு முழுவதும் இருக்கும். செலவில் வட்டாரம், பொருள், அளவு, விலை, தேதி இருக்கும். பெற்றவர் பெயர் இருக்காது. குழுவில் இருவர் மட்டும் அறிந்த இரண்டாவது ஏட்டில், பெறும் குழுவை எண்ணால் குறித்து, எந்த எண் எந்தக் குழு என்பதை இருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சரிபார்க்கப் புகைப்படம் கேட்காதீர்கள். கடைச்சீட்டின் தொகையையும், அந்த வாரம் அந்தச் சந்தையில் அரிசி விற்ற விலையையும் ஒப்பிடுங்கள். வேறொரு வழியாக அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பொதுவாக விசாரியுங்கள். முகம் தெரியும் படம் வந்துவிட்டால் உடனே அழித்துவிட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொடுத்தவர்கள் இதை ஏற்பார்களா என்று நாங்கள் அஞ்சினோம். தன் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்த ஓர் ஆச்சி, "எந்த ஊருக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, பேரெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் விளக்க எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

ஏழாம் படி: முதல் மாதத்துக்குப் பின்

வசூலில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் மாதத்தில் தொடாமல் வையுங்கள். செய்தி ஓய்ந்ததும் பணமும் ஓயும், துன்பம் ஓயாது. ஏப்ரலில் மாண்டலே 40 பாகையைத் தாண்டும். மே பிற்பகுதியில் மழை பிடிக்கும். வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய் மழைக்குத் தாங்காது. மூங்கிலும் தகரமும் அப்போதுதான் தேவைப்படும். விதைநெல்லும் அதே வாரங்களில் வேண்டும். அது தவறினால் அடுத்த ஆண்டும் நிவாரண ஆண்டாகவே இருக்கும்.

இருப்பு முடிந்ததும் முதல் ஏட்டை ஊர்க்கூட்டத்தில் படித்து ஒப்புதல் வாங்குங்கள். இரண்டாவது ஏட்டை, இருவரும் சேர்ந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு, எரித்துவிடுங்கள்.